நாற்பத்தெட்டாவது ஊசி

“இன்னிக்கு ஜீப்பு அடிப்பெட்டியைப் பிரி நைனா. என் கண்ணு முன்னால பிரி.”

கபாலியின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. வேறு எதை வேண்டுமானாலும் கேள், அந்தப் பெட்டிப் பேச்சை மட்டும் எடுக்காதே என்று மகளிடம் இரண்டு மாதமாகச் சொல்லி வைத்திருந்தார்.

“எண்ணெய் ஒழுகலே, சத்தம் வரலே. நல்லாத்தானே கீது?”

“அப்புறம் எதுக்கு புது ஷாப்டு வாங்கியாந்து ஜன்னல்ல வச்சிருக்கே? கற்பூரம் காட்டவா?”

தேவானை காலையிலேயே ஒரு தகரப் பெட்டியைக் கொல்லைக்குத் தூக்கி வந்து ஜீப்புக்குப் பக்கத்தில் போட்டிருந்தாள். அதன் மேல்தான் அவர் ஸ்பேனர்களைப் பரப்பியிருந்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்குச் சாமான் எடுத்துக் கொடுத்துப் பழகியவள். இப்போது அந்தத் திருவல்லிக்கேணிச் சந்திலேயே முதல் பட்டதாரி. நாக்கு மட்டும் மெக்கானிக் மகளின் நாக்குதான்.

ஜீப்பு, அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை மாசிலாமணியுடையது. யுத்தத்தில் தான் ஓட்டிய அதே வண்டியைப் பட்டாளத்து ஏலத்தில் எடுத்துவிட்டதாகச் சொன்னான். இனி ஏற்காட்டு மலையில் மூட்டை ஏற்றப் போகிறானாம். நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் அடிப்பெட்டியில் ஒல்லி ஷாப்டை எடுத்துவிட்டுத் தடி ஷாப்டு போட்டுத் தரச் சொல்லி, வருங்கால மாமனார் வீட்டில் விட்டிருந்தான். இஞ்சின், பிரேக், ஸ்பிரிங் பட்டை எல்லாம் முடிந்துவிட்டது. பெட்டி மட்டும் பாக்கி.

ஜீப்பின் நெற்றியில் குங்குமம். கபாலியின் மனைவி தாயம்மா தினமும் வைப்பது. பர்மாவில் வயிற்றில் குண்டு பட்ட அவள் மகன் ஏகாம்பரத்தை இந்த வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு, நாலு சக்கரமும் இழுக்க, லோ கியரில், ஒரு பகல் முழுக்கச் சேற்று மலையில் ஏறினானாம் மாசிலாமணி. உயிர் போகும்போது ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டானாம். சர்க்கார் கடிதத்தில் இருந்தது, யுத்தத்தில் இறந்தான் என்ற ஒரே வரி. மாசிலாமணி வந்து சொல்லும்வரை இரண்டு வருஷமாய் அவள் தூங்கியதில்லை. அவன் பெண் கேட்டபோது, கேட்டு முடிக்கும் முன்னமே தலையாட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பரிசம்.

“பெட்டியில ஒருத்தன் கை பட்டதில்ல, கம்பெனியில பூட்டினது அப்படியே கீதுன்னு மாப்பிள்ளைதானே பீத்திக்கினாரு?” என்றாள் தேவானை. “மலை ஏறின கியர் பல்லு எப்படித் தேஞ்சிருக்குன்னு பாக்கணும். பிரி.”

வாதாடித் தோற்று, கபாலி வண்டிக்கு அடியில் படுத்தார். உச்சி வெயிலுக்குள் பெட்டி கோணிமேல் இறங்கியது. மூடி திறந்தது.

தேவானை துணியால் மசகைத் துடைத்து விரலை ஓட்டினாள். சமதரையில் ஓடும் கியர் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. லோ கியரிலும் முன்சக்கரத்துக்குப் போகும் கியரிலும் பல்லின் விளிம்பு கத்தி மாதிரி விரலைப் பிடித்தது. ஒரு கீறல்கூட இல்லை.

“இத்த யாரும் போட்டதே இல்ல நைனா. இது தார் ரோட்டை விட்டுக் கீழ எறங்காத வண்டி.”

கபாலி நிமிரவில்லை.

“தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“வண்டி வந்த மறுநாளே பிரிச்சுப் பாத்தேன். திரும்பப் பூட்டிட்டேன்.”

“தெரிஞ்சும் என்னை அவனுக்குக் குடுக்கறே!”

“மெதுவாப் பேசுடி. உங்கம்மா தூங்குறா இப்போ. மாசிலாமணி வாயைத் தொறந்த அன்னியிலேருந்து தூங்குறா. அது பொய்யி, உம் புள்ள எங்க கெடந்தான்னே யாருக்கும் தெரியாதுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? பையன் கெட்டவன் இல்ல. குடிக்கறதில்ல.”

“செத்தவனைக் காட்டிப் பொண்ணு கேட்டவன் குடிச்சா இன்னா, குடிக்காட்டி இன்னா?”

“நைனாவுக்கும் பொண்ணுக்கும் அங்க இன்னா ரகளை?” உள்ளேயிருந்து தாயம்மாவின் குரல் வந்தது. “வண்டிக்குப் பூ வாங்கியாந்துகீறேன். கையைக் கழுவிக்கினு யாராச்சும் வையுங்க.”



மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் கபாலி ஒல்லி ஷாப்டைத் தட்டி உருவினார். அதைச் சுற்றியிருந்த பேரிங்கின் ஊசி ஊசியான உருளைகள் மசகோடு தட்டில் கொட்டின. கொட்டியதும் எண்ணுவது அவர் கைக்கு ஊறிப்போன பழக்கம். நாற்பத்தேழு. மறுபடி எண்ணினார். நாற்பத்தேழு. முதலில் பிரித்துப் பூட்டிய அன்று தன் கையால் நாற்பத்தெட்டையும் எண்ணி அடுக்கியது நன்றாக நினைவிருந்தது. கோணியைத் தடவினார், பெட்டிக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

“ஒண்ணு கொறையுதே...”

தேவானை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மசகு காய்ந்த ஓர் ஊசியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“எனக்குப் புடவை எடுக்க ரெண்டு பேரும் போனீங்களே, அன்னிக்குப் பிரிச்சேன். பூட்டினப்புறம்தான் இது கோணியில கெடந்துது. பல்லு எப்படிக் கீதுன்னு தெரிஞ்சுக்கறதுக்கு இன்னிக்குக் கேக்கலே நைனா. உனக்குத் தெரியுமான்னுதான் பாத்தேன்.”

தகரப் பெட்டிமேலிருந்த ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோணியில் வைத்தாள். பெட்டியைத் தூக்கினாள். உள்ளே துணிமணிகள் சரிந்தன.

“கோபாலபுரத்துப் பள்ளிக்கூடத்துல வேலை. அங்கியே விடுதியில ரூம்பு. போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன். அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலே. அது உன் பாடு.”

கொல்லை வாசல் வரை போனவள் திரும்பாமலே சொன்னாள்: “உனக்குத் தெரியாம இருந்திருந்தா, உங்கிட்டயாவது போய்ட்டு வரேன்னு சொல்லிக்கினு போலாம்னு இருந்தேன்.”