ஸ்பட்டுக்கு என்ன அர்த்தம்?

"இன்னிக்கும் அவரை உருளைக்கிழங்குன்னு கூப்பிட்டீங்களா இல்லையா?"

டோர்தேவின் மேஜைமேல் அச்சடித்த கடிதம் தயாராக இருந்தது. அவள் கையெழுத்துதான் பாக்கி. போட்டால், மேஸ்திரி ஃபின்டன் மர்ஃபியின் இருபத்தாறு வருஷ வேலை போய்விடும்.

"உருளைக்கிழங்குன்னு கூப்பிடல மேடம். 'ஸ்பட்'னுதான் கூப்பிட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"தட்டுல இருக்கும்போது ஒண்ணுதான்."

டோர்தே சிரிக்கவில்லை. அவள் டென்மார்க்கிலிருந்து இந்த வெக்ஸ்ஃபோர்டு மர மில்லுக்கு மேலாளராக வந்து ஐந்து மாதம். ருமேனியாக்காரன் யோனுட்ஸை மில்லே 'ஸ்பட்' என்று கூப்பிடுவது வந்த நாளிலிருந்தே அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது. 'ஏய் ஸ்பட், அந்தப் பலகையைப் பிடி!' 'டேய் ஸ்பட், டீ ஆறுது!'

வெளிநாட்டுக்காரன், ஒண்டி ஆள். கேட்க நாதியில்லை என்றுதானே இந்தக் கேலி?

"விசாரிச்சுட்டேன். ஸ்பட்னா காலுறையில விழுற ஓட்டை. ஸ்பட்னா மண்டு. ஸ்பட்னா குள்ளத் தடியன். இதுல அவர் எது?"

"தடியன் இல்ல மேடம். காலுறையை நான் பார்த்ததில்ல."

"விளையாடாதீங்க! ஏற்கெனவே ரெண்டு தடவை எச்சரிச்சாச்சு."

மர்ஃபி முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

டோர்தே கேட்டிருக்கவில்லை. ஆள் அனுப்பினாள்.

தலையெல்லாம் மரத்தூளோடு யோனுட்ஸ் வந்து நின்றான்.

"பயப்படாம சொல்லுங்க. இப்படிக் கூப்பிடுறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"மொத வருஷம் யாரும் அப்படிக் கூப்பிடல மேடம். யோனுட்ஸ்னுதான் கூப்பிட்டாங்க. போன வருஷம் மரக்கட்டை உருண்டு என் மேல விழுந்துச்சு. விலா எலும்பு நாலு போச்சு. ஆஸ்பத்திரியில, சொந்தக்காரங்களைத்தான் உள்ளே விடுவோம்னுட்டாங்க. எனக்கு இங்க யாரு இருக்கா? இவர்தான், 'நான் இவனோட அண்ணன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு உள்ளே வந்துட்டார். பதினோரு நாள் நகரலையே!"

டோர்தே பேனாவைக் கீழே வைத்தாள்.

"சரி... அதுக்கும் உருளைக்கிழங்குக்கும் என்ன சம்பந்தம்?"

மர்ஃபி கூச்சத்தோடு காதைச் சொறிந்தார்.

"இந்த நாட்டுல உருளைக்கிழங்குக்கே மர்ஃபின்னு ஒரு பேர் உண்டு. அதனால மர்ஃபின்னு பிறந்தாலே ஸ்பட்தான் மேடம். எங்கப்பா ஸ்பட். மேஸ்திரி ஆகுற வரைக்கும் நானும் ஸ்பட். என் தங்கச்சி கன்னியாஸ்திரி, அவளையும் விடல. தம்பியை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது?"