கம்ப்யூட்டர் மாப்பிள்ளை

"டிவி மாதிரி இருக்கே, அதுவும் கீபோர்டும் மட்டும் குடுங்க பாய்" என்றார் அரிசி மண்டி பலராமன்.

கடைக்காரர் மொஹ்சின் சிரித்தார். "சி.பி.யூ. இல்லாம அது வெறும் பொட்டிங்க. எதை அடிச்சாலும் ஒண்ணும் தெரியாது."

"மேஜை மேல இருந்தா போதும். பையன் கம்ப்யூட்டர்ல வேலை செய்றான்னு பொண்ணு வீட்ல சொல்லிட்டேன். சாயந்திரம் வர்றாங்க."

மகன் மாறன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தான். "பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ்ப்பா. பாத்ததும் கண்டுபிடிச்சிடும். கல்யாணமே நின்னுடும்."

"வாய மூட்றா. மாசாமாசம் சம்பளம் கொண்டாரப் போற பொண்ணு. விட்டுட முடியுமா?"

கோயிலில் பெண் பார்த்த கையோடு எல்லோரும் மண்டிக்கு வந்தார்கள். பெண்ணின் அப்பா மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்ததும் பூரித்துப்போனார்.

"தென்றல், ஒரு லெட்டர் அடிச்சுக் காட்டும்மா!"

மாறன் கண்களை மூடிக்கொண்டான். தென்றல் உட்கார்ந்து பத்து விரல்களாலும் படபடவென்று தட்டினாள். திரை கறுப்பாகவே கிடந்தது.

"ஸேவ் பண்ணிட்டேன்ப்பா. எங்க காலேஜ் கம்ப்யூட்டரைவிட இது ஸ்பீடு ஜாஸ்தி."

அவர்கள் கிளம்பியதும் பலராமன் பல்லைக் கடித்தார்.

"கம்ப்யூட்டரைக் கண்ணால பாத்ததே இல்லடா அந்தப் பொண்ணு! இப்படி வாய் கூசாமப் புளுகுறவங்களோட எப்படிடா சம்பந்தம் வெச்சுக்கிறது?"