பிழையான விடைக்கு ஒரு புத்தகம்

சரியான விடை சொன்ன பிள்ளைக்குப் புத்தகம் கிடையாது. பிழையான விடை சொன்ன பிள்ளைக்கு உண்டு.

நெடுந்தீவு வாசிகசாலையில் சிறுவர் அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பை வைத்திருந்த தியாகலிங்கம் போட்ட சட்டம் இது. சனிக்கிழமை தோறும் அவரே ஒரு விடுகதை கட்டிக்கொண்டு வருவார். பிள்ளைகள் வரிசையாக வந்து விடை சொல்ல வேண்டும்.

"காலில்லாமல் கரைக்கு வரும், கையில்லாமல் மணலைக் கூட்டும். அது என்ன?"

"அலை" என்றான் குலசிங்கம். வகுப்பில் முதலாம் பிள்ளை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான்.

"எங்கடை மாமி" என்றாள் அவனுக்குப் பின்னால் நின்றவள். அவளுக்கு ஒரு சூனியக்காரியின் கதை கிடைத்தது.

"குதிரை. படுத்து உருண்டால் காலும் தெரியாது, கையும் தெரியாது" என்றாள் பரிமளம். வாசிகசாலைத் தலைவர் விநாயகமூர்த்தியின் மகள். தியாகலிங்கம் அலுமாரிக்குள் தலையை விட்டுத் தேடி, பறக்கும் குதிரைக் கதையை எடுத்துக் கொடுத்தார்.

"இது உனக்கெண்டே எழுதினது, பிள்ளை."

விடை எந்தப் பக்கம் பிழைக்கிறதோ, அந்தப் பக்கத்துப் புத்தகம். அப்படித்தான் அவர் தெரிந்தெடுத்துக் கொடுப்பார்.

ஊர்த் தாய்மார் பிள்ளைகளுக்குப் பிழையான விடை பழக்கத் தொடங்கினார்கள். குலசிங்கத்தின் தாய் சிவக்கொழுந்து, எதைக் கேட்டாலும் "பூசணிக்காய்" என்று சொல்லும்படி மகனைப் பாடமாக்க வைத்து அனுப்பினாள். அந்த வாரத்து விடுகதைக்கு விடை பூசணிக்காய்.

அவன் அழுத அழுகையில்தான் நிர்வாகசபை கூடியது.

சிவக்கொழுந்து முதலில் எழுந்தாள். மகன் பள்ளிக்கூடத்தில் ஆட்டுக்குப் பதினொரு கால் என்று சொல்லிவிட்டு, புத்தகம் தாருங்கள் என்று வாத்தியாரிடம் கையை நீட்டினானாம். வாத்தியார் புத்தகம் கொடுக்கவில்லை, வேறொன்று கொடுத்தாராம்.

தலைவர் தொண்டையைச் செருமினார். அறிவுள்ள பிள்ளைகளுக்கே புத்தகம், சரியான விடைக்கே பரிசு என்று முதன்முதல் சட்டம் வைத்தவர் அவர். ஒரே ஒரு சனிக்கிழமை அது நடந்தது. அடுத்த சனிக்கிழமையே தியாகலிங்கம் ஒருவரையும் கேளாமல் அதைத் தலைகீழாக்கிவிட்டார்.

"ஏன் காணும் மாத்தினீர்?"

"சும்மா, ஒரு விளையாட்டுக்கு."

"விளையாட்டோ? நாளைக்கு இந்தப் பிள்ளையள் சோதினையிலையும் உப்பிடி எழுதிப்போட்டு வந்தால் ஆர் பொறுப்பு?"

தலைவர் சபையின் பக்கம் திரும்பினார்.

"என்ரை மகளைப் பாருங்கோ. வீட்டிலை நிண்ட நிலையிலை கதை கதையாய்ச் சொல்லுவாள். அவ்வளவு மூளை. அந்தப் பிள்ளை இஞ்சை வந்து கிழமைக்குக் கிழமை மக்கு மாதிரி நடிக்க வேண்டிக் கிடக்கு. அவளைப்போலை நடிக்க இந்த ஊரிலை ஒருத்தருக்கும் ஏலாது."

சபை தலையாட்டியது. திறப்பைத் திருப்பித் தரும்படி தலைவர் கேட்டார்.

தியாகலிங்கத்தின் கை சட்டைப்பையைப் பொத்தியது. அந்த அலுமாரியில் இருந்த பூதங்களையும் இளவரசிகளையும் யாழ்ப்பாணத்தில் கடைகடையாக ஏறி இறங்கித் தெரிந்தெடுத்தவர் அவர். லோஞ்சுப் படகில் உப்புத்தண்ணீர் படாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர். எந்தத் தண்டனையும் தரட்டும், திறப்பை மட்டும் கேட்க வேண்டாம், திறக்கிற வேலை தன்னிடமே இருக்கட்டும் என்று கெஞ்சினார்.

"அப்ப உம்மடை சட்டம் எவ்வளவு விசர்ச் சட்டம் எண்டு எல்லாரும் பாக்கட்டும்" என்றார் தலைவர். "பரிமளம், இஞ்சை வா. இப்ப நடிக்கக்கூடாது. நான் ஒரு நொடி, ஒரு விடுகதை போடுறன். சரியான விடையைச் சொல்லு."

பரிமளம் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். வாசலை அடைத்துக்கொண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"உடம்பு முழுக்கக் கல்லு, கல்லுக்குக் கல்லு ஓட்டை. காத்தை விடும், மாட்டை விடாது. அது என்ன?"

சபையில் இருந்த எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. யன்னலுக்கு வெளியே தெரு நீளத்துக்கும் நின்றது அதுதான், கல்வேலி.

பரிமளம் யன்னலைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"பொறுங்கோ!"

தியாகலிங்கம் திறப்பை எடுத்து மேசையில் போட்டார்.

"பிள்ளை சொல்லத் தேவையில்லை. சொல்லுவா எண்டு எனக்குத் தெரியும். நான் செய்தது பிழை. இந்தாங்கோ திறப்பு. ஒண்டே ஒண்டு, இனிமேல் நொடியே வேண்டாம், தலைவர். கேக்கிற பிள்ளைக்குப் புத்தகத்தைக் குடுத்துவிடுங்கோ."

ஒரு சின்னப் பிள்ளையின் மூளைக்குப் பயந்து மனிதர் விழுந்துவிட்டார் என்று சபை சிரித்தது. வென்ற சந்தோஷத்தில் தலைவர் தாராளமாகச் சம்மதித்தார். அன்றைக்கே அலுமாரியைத் திறந்து, குலசிங்கத்துக்கு முதல் புத்தகத்தைத் தம் கையால் கொடுத்தார்.

தியாகலிங்கம் படலையைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டார். பரிமளம் பின்னால் ஓடிவந்தாள்.

"மாமா, நான் ஒருநாளும் நடிக்கேல்லை. எனக்குச் சரியான விடை வாறதேயில்லை."

"தெரியும், பிள்ளை" என்றார் தியாகலிங்கம். "முதல் சனிக்கிழமை நீ வெறுங்கையோடை அழுதுகொண்டு போகேக்கைதானே சட்டத்தை மாத்தினனான்."