இரண்டு ஆசைக்கும் ஒரே இடம்

மூளைக்குள் ஒலி அலைகளைச் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் தொப்பியோடு ஆஸ்பத்திரியின் சிகிச்சை அறைக்குள் படுத்திருந்தான் கதிரேசன். பத்து நிமிடத்தில் அவனுடைய குடியாசையைத் தணித்துவிடுவார்கள். அதற்கு முன் டெக்னீஷியன் பெண் அவன் மனைவி நிவேதிதாவை அழைத்துத் திரையைக் காட்டினாள். மதுபாட்டிலைக் காட்டியபோது மூளையில் ஒளிர்ந்த அதே இடம்தான், நிவேதிதாவின் படத்தைக் காட்டியபோதும் ஒளிர்ந்திருந்தது.

“இந்த வெளிச்சத்தைக் குறைச்சா உங்க மேல இருக்கற ஆசையும் குறையலாம்க்கா. அண்ணன், ‘அவ சரின்னா செய்ங்க’ன்னுட்டார்.”

பன்னிரண்டு வருடமாகப் பாட்டிலோடு அவனைப் பங்குபோட்டுக்கொண்ட நிவேதிதா அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

“காலேஜ்ல மொத வருஷம் முழுக்க என்னைத் திரும்பிக்கூடப் பாக்காத மனுஷன்மா இவரு. குடியாசையை நீங்க குறைங்க. இதை நான் பாத்துக்கறேன்.”