ஒரு பக்க அட்டவணை

மேயர் தாளைத் திருப்பினார். இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரிசை மட்டும் இருந்தது.

“ஒரே பக்கத்துல அடங்கணும்னு சொல்லியிருந்தேனே?”

அட்டவணையைத் தயாரித்த போக்குவரத்துப் பிரிவு அதிகாரி எழுந்து நின்றார்.

அட்டவணையின் தலையில் நான்கு நாடுகள், ஐந்தாவதாக நம் நகரம். நகருக்குள் சரக்கு எப்படிப் போகிறது என்பதுதான் விஷயம். ஒரு நாட்டில் லாரிகள் ஊர் எல்லைக் கிடங்கோடு நின்றுவிடும். அங்கிருந்து கடைகளுக்குச் சின்ன வண்டிகள்தான். இன்னொன்றில் சரக்கு இறக்க முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால், கெஞ்சினாலும் கொஞ்சினாலும் நடக்காது. மற்ற இரண்டிலும் இரவில் மட்டுமே லாரி.

அந்த இரண்டைப் பார்த்துத்தான் போன வருடம் நம் நகரமும் பகலில் லாரியைத் தடுத்தது. அதன் பிறகு பள்ளிக்கூடத் தெருக்களில் ஒரு பிள்ளைக்குக்கூட அடிபடவில்லை. அதை அதிகாரி அட்டவணையில் பெருமையாகவே எழுதியிருந்தார்.

இன்று அந்தத் தடையை ஐந்து வருடம் நீட்டிக்க வேண்டும். கை தூக்கினால் முடிந்தது. கவுன்சிலர்களில் பாதிப் பேருக்கு மனசு ஏற்கெனவே சாப்பாட்டு மேசையில்.

இரண்டாம் பக்கத்து வரிசை, ஓட்டுநரின் தூக்கம் பற்றியது. இரவு லாரி விடும் அந்த இரண்டு நாடுகளிலும் பகலில் தூங்க ஓய்வறை உண்டு. தொடர்ந்து மூன்றாம் இரவு ஓட்டக் கூடாது என்ற விதியும் உண்டு.

நம் நகரத்தின் கட்டத்தில் வெறும் கோடு.

இரண்டு மாதத்துக்கு முன், விடியும் நேரத்தில் ஒரு லாரி பாலத்துத் தூணில் மோதியது. தொடர்ந்து நான்காம் இரவாக ஓட்டிய ஓட்டுநர் இறந்தார். ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

“இந்த வரிசை போன வருஷமே என் கையில இருந்துச்சு. இடம் பத்தலைன்னு நான்தான் எடுத்தேன். தப்பு அந்த ஓட்டுநர் மேல மட்டும் இல்லைன்னு குறிப்புல எழுதிக்கோங்க,” என்றார் அதிகாரி.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மாநகராட்சி ஆணையர் பேனாவை மூடி வைத்தார். இனி இந்த நாற்காலி தனக்கில்லை என்று அதிகாரிக்குத் தெரிந்தது. போனால் போகட்டும்.

இறந்தவர் அவருடைய தங்கையின் கணவர். அது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. தங்கையின் முகத்தைப் பார்க்க அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டவணை ஒரு பக்கத்தில் அடங்காமல் அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்தவர் அந்த ஓட்டுநர்தான். விரல் கடைசி வரிசையில் வந்து நின்றது.

“இதை எடுத்துடுங்க மச்சான். எங்க தூக்கத்தைப் பத்தி யாரு கேக்கப் போறா?”