சாம்பலா, மணியா?

பஞ்சு வாங்கி, நூற்று, நெய்து, சட்டையாகத் தைப்பதுவரை எல்லாம் ஒரே கூரைக்குள் நடத்தும் முதலாளி அவர். சட்டை வாங்க வந்த கம்பெனியின் பரிசோதகர் அம்மா, மாதிரிச் சட்டையின் காலருக்குள் விரலை விட்டு ஒரு நூலை உருவியதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“பருத்தின்னா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். பாலியஸ்டர்னா உருகி மணியா உருண்டுக்கும். தெரியும்ல?”

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? பருத்தியைத் தவிர வேற எதுவும் எங்க வாசப்படி ஏறாது.”

அம்மா தீக்குச்சியை உரசினார். நூல் சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகத் தொங்கியது.

முதலாளி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கால்வாசிதாம்மா. நூற்கறதுக்கு முன்னாடி, பஞ்சோட கால்வாசி பாலியஸ்டர் கலந்தேன். கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க.”

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“முதல்ல பாலியஸ்டர் எப்படி எரியும்னு காட்டிட்டு, அப்புறம்தான் சட்டை நூலைக் கொளுத்துவேன். அது என் வழக்கம். இது உங்க லேபிள்ல உருவினது. லேபிள் எல்லா ஊர்லயும் பாலியஸ்டர்தான்.”

நூல் போன லேபிளில் மிச்சமிருந்த எழுத்துகளை அம்மா நிதானமாகப் படித்தார்.

“நூறு சதவீதம் சுத்தப் பருத்தி.”