தேயிலைப் புத்தகங்களுக்குப் பின்னால்

"ஆர் இதைக் கொண்டுபோய் அங்க ஒளிச்சு வைச்சது?"

நூலகர் குணரத்தினம் சேர் புத்தகத்தை மேசையில் போட்ட சத்தத்தில், நுவரெலியாக் குளிரிலும் சுதாகரனுக்கு வியர்த்துக் கொட்டியது.

ஒளித்தது அவன்தான். கம்பஸ் நூலகத்தில் பொருளியலுக்குத் தமிழில் இருந்தது அந்த ஒரே புத்தகம். வெளியே கொண்டுபோகவும் விடமாட்டார்கள். போன வருஷம் கோட்டைவிட்ட பாடம். இந்தத் தடவையும் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் தேயிலைச் செய்கைப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகி வைத்து, தினமும் தனியாகப் படித்தான். வகுப்பில் முக்கால்வாசி தேயிலைத் தோட்டத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைகள். பிறந்ததிலிருந்து பார்த்த தேயிலையைப் புத்தகத்தில் வேறு பார்ப்பார்களா என்ன!

"ஒளிச்ச ஆளின்ர கார்ட் இண்டையோட ரத்து. சோதினை முடியிற வரைக்கும் இந்த வாசலை மிதிக்கேலாது. ஆர்?"

"நாந்தாங்க சேர்" என்று எழுந்தாள், கூடப் படிக்கும் நாகலெட்சுமி.

சுதாகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தோடு சும்மா இருந்தானா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்கோ வாய் நீண்டது.

"ஒன்னய மாதிரி சுயநலம் புடிச்ச ஆளுங்களாலதான் நம்ம சனமே உருப்படாம கெடக்கு! கூடப் படிக்கிறவங்க வயித்துல அடிக்கிறியே, வெக்கமா இல்ல?"

அவள் கார்ட்டைக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள். சுற்றியிருந்த வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

சொன்ன வார்த்தையே அவனைப் பிடுங்கித் தின்றது. விடுதிக்குப் போகும் ஏற்றத்தில் ஓடிப்போய் மறித்தான்.

"தங்கச்சி... எதுக்குப் பழிய ஏத்துக்கிட்ட? ஒளிச்சு வச்சது..."

"நீங்கதான்னு தெரியும்ண்ணே. ஒங்களுக்கு இது கடைசித் தடவ. கார்ட் போனா எப்படிப் படிப்பீங்க?"

"அப்ப நீ?"

"நான் படிச்சு முடிச்சிட்டேண்ணே. தேயிலக் கொழுந்தப் பத்தி என்னாதான் எழுதியிருக்காங்கன்னு ஒருநாள் பாக்கப் போனேன், பின்னால இந்தப் புத்தகம் ஆம்புட்டுச்சு. நீங்க சாப்பிடப் போற நேரமாப் பாத்துப் படிப்பேன். நான் மட்டுமில்ல, வகுப்புல எல்லாருந்தான்."

"எல்லாருமா?"

"ஆமாண்ணே. படிச்சிட்டு அதே எடத்துலயே வச்சிடுவோம். புத்தகத்தக் காணோம்னு நீங்க தவிச்சுப் போயிடக் கூடாதில்ல?"